மலைத் தண்ணீர் ரோட்டைக் கடக்கும் இடம்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சாரியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, நான் சிவில் இன்ஜினீயர் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால் ஒரே கேள்விதான் வரும். "ஏன் சார், இந்த ரோட்டை இன்னும் ரெண்டு மடங்கு அகலமாக்கிட்டா பௌர்ணமிக் கூட்டம் சரியாயிடும் இல்ல?"

நியாயமான கேள்வி. ஆட்டோக்காரருக்கும் கடைக்காரருக்கும் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கும் உள்ள கேள்வி. ஆனால் பதிலை ரோட்டில் ஆரம்பிக்க முடியாது, மலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

முதலில் திசையைப் பிடித்துக்கொள்வோம். கடையிலிருந்து வடக்கே பார்த்தால் ரோடு, அதற்கு அப்பால் ஆசிரமம், அதன் முதுகுக்குப் பின்னால் மலை. நமக்குப் பின்னால் தெற்கே ரமண நகர்த் தெருக்கள், அவற்றையும் தாண்டினால் சமுத்திரம் ஏரி. நம் முன்னால் ஓடும் செங்கம் ரோடு கிழக்கு மேற்காகப் போகிறது. கோயிலிலிருந்து வருகிறவர்கள் அக்னி லிங்கம், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம், எம லிங்கம், சிம்ம தீர்த்தம் என்று இதே ரோட்டில் நடந்து போய், அப்புறம்தான் வலது பக்கம் திரும்பிக் கிரிவலப் பாதைக்குள் நுழைகிறார்கள். செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் போகும் வண்டிகளுக்கும் இதுதான் வழி. ஆக, காலும் சக்கரமும் கிழக்கிலிருந்து மேற்கே போகின்றன. மழை பெய்தால் தண்ணீர் மட்டும் வடக்கிலிருந்து தெற்கே, மலையிலிருந்து ஏரிக்குப் போயாக வேண்டும். இரண்டு ஓட்டமும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற இடம் நம் காலடியில் இருக்கும் இந்த ரோடு. இந்தப் பகுதியில் எந்த வேலைக்கும் எஸ்டிமேட் போடுமுன் பார்க்க வேண்டியது இந்தக் குறுக்குவெட்டைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,670 அடி, அதாவது 814 மீட்டர் உயரம். ஊர்த் தரையிலிருந்து பார்த்தால் அறுநூறு மீட்டருக்கு மேல் நிற்கிறது. உச்சிக்கும் நம் ரோட்டுக்கும் கிடைமட்டத் தூரம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். மூன்று மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்குகிற சாய்வு என்று சராசரியாக வைத்துக்கொள்ளலாம். அடியில் பாறை, மேலே மெல்லிய மண், மண்ணுக்குள் பாதி புதைந்தும் புதையாமலும் உருண்டைப் பாறைகள். இப்படிப்பட்ட சாய்வில் விழுகிற மழை தயங்கி நிற்காது. மேலே கொட்ட ஆரம்பித்த அரைமணிக்குள் கீழே ஓடையில் உச்ச வெள்ளம் வந்துவிடும். சமவெளியில் பத்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை நாலைந்து மணி நேரம் கழித்து வருவது வேறு கதை. இங்கே எச்சரிக்கை கொடுக்க நேரமில்லை. வழி தயாராக இருந்தால் தண்ணீர் அதில் போகும், இல்லாவிட்டால் தானே வழி பண்ணிக்கொள்ளும்.

இதைப் பழைய காலத்தவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். மலையைச் சுற்றி எத்தனை குளங்கள், எத்தனை தீர்த்தங்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரமத்தை ஒட்டியே பாலி தீர்த்தம். கொஞ்சம் கிழக்கே அக்னி தீர்த்தம். மேற்கே சிம்ம தீர்த்தம். ஊருக்குள் ஐயங்குளம், இந்திர தீர்த்தம், தாமரைக்குளம். கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம். நீராடவும் கும்பிடவும் கட்டியவைதான், சந்தேகமில்லை. ஆனால் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், மலையிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீரின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் இடங்களாகவும் அவை இருப்பது தெரியும். குளம் நிரம்பி, மண் அடியில் தங்கி, தெளிந்த தண்ணீர் மறுபக்கம் வழிந்து ஏரிக்குப் போகும். நாங்கள் இப்போது டிடென்ஷன் டேங்க், சில்ட் டிராப் என்று இரண்டு தனித்தனி வேலையாக எஸ்டிமேட் போடுவதை ஒரு குளம் சேர்த்தே செய்துகொண்டிருந்தது. படித்துறையைப் புதுப்பித்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, விளக்கு வைத்துவிட்டு, வரத்து வாய்க்காலை மட்டும் திறக்காமல் விட்டால் அது குளமல்ல, தொட்டி.

ஆசிரமமே இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. 1922-ல் தாயார் சமாதியானபின் ரமணர் மலையிலிருந்து இறங்கி வந்து தங்க, சமாதியை ஒட்டி அமைந்ததுதான் இன்றைய ஆசிரமம். மலையின் தெற்கடி, வெள்ளம் வரும் பாதை. 1928-ல் வந்து சேர்ந்து, பத்தாண்டுகள் கட்டிட வேலைகளை முன்னின்று நடத்திய அண்ணாமலை சுவாமி, மலை வெள்ளம் ஆசிரமத்துக்குள் புகாமல் இருக்கக் கல்லால் தடுப்புக் கரை எழுப்பியதைத் தம் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். தியான மண்டபமும் சாப்பாட்டுக் கூடமும் கட்டுவதற்கு இணையாக, தண்ணீரை ஒதுக்கிவிடும் கரைக்கும் அங்கே கவனம் இருந்திருக்கிறது. இடத்தைப் படித்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். என் துறையில் இருப்பவர்கள் ஆசிரமத்துக்கு வந்தால் கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகாமல், பின்பக்கம் போய் மலைச்சரிவும் வளாகமும் சேரும் விளிம்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான். மலையின் இந்தப் பக்கத்தில் ஐம்பது ஹெக்டேர் சரிவு, அதாவது சுமார் 125 ஏக்கர், ஒரே ஓடையில் வடிகிறது என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது. நம் வடகிழக்குப் பருவமழையில் அரைமணி நேரம் இப்படிக் கொட்டுவது அதிசயமில்லை. விழுவதில் பாதி மண்ணிலும் செடியிலும் தங்கி, பாதி ஓடுகிறது என்று தாராளமாகவே வைப்போம். அப்போது ஓடையின் வாயில் வினாடிக்கு நான்கு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் வரும். நாலாயிரம் லிட்டர், ஒவ்வொரு வினாடியும்.

இதை எதில் விடப் போகிறோம்? தெருவோரம் வழக்கமாகக் கட்டும் கான்கிரீட் வடிகால் இரண்டடிக்கு இரண்டடி. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்வு கொடுத்து, உள்ளே குப்பை ஒரு துளிகூட இல்லாமல், விளிம்புவரை நிரம்பி ஓடினால்கூட அதன் கொள்ளளவு வினாடிக்கு 0.8 கன மீட்டர். தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. அடியில் அரையடி வண்டல், நடுவில் ஒரு குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது, முனையில் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாட்டிலும் அடைத்திருக்கின்றன என்றால் மிச்சம் என்ன? மீதி வெள்ளம் ரோட்டில்தான் வரும். "புதுசா வடிகால் கட்டினாங்க சார், அப்பவும் தண்ணி நிக்குது" என்று ஒவ்வொரு மழைக்கும் கேட்கிறோமே, அதன் காரணம் இதுதான். தெரு வடிகால் தெருவில் விழும் மழைக்குப் போட்டது. மலை ஓடையை அதில் இணைப்பது வடிவமைப்பிலேயே வந்த பிழை. வேலை சுத்தமாக நடந்திருந்தாலும் அந்தப் பிழை மாறாது.

ஓடைக்குத் தனி வழி வேண்டும். ரோட்டுக்கு அடியில் அதற்கென்று மூன்று மீட்டர் அகலத்தில் பெட்டிக் கல்வெர்ட் என்கிற சிறுபாலம் வேண்டும். மண்வெட்டியோடு ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கிற உயரம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் தூர்வார முடியும். குனியக்கூட முடியாத குழாயை ரோட்டுக்கடியில் புதைத்துவிட்டு வருடாவருடம் சுத்தம் செய்வோம் என்று எழுதுவது பேப்பரில் மட்டும்தான் நடக்கும். கல்வெர்ட்டின் மறுபக்கம் ஏரிவரை வாய்க்கால் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ரமண நகர்ப் பக்கம் வீடுகளும் விடுதிகளும் பெருகிய வேகம் எல்லோருக்கும் தெரியும். மனை பிரிக்கும்போது வறண்டு கிடக்கும் வாய்க்கால், வாங்குகிறவர் கண்ணுக்கு வெறும் பள்ளம். லாரி மண் கொட்டி மேடாக்கிவிடுகிறார். கிராம வரைபடத்தில் அந்தக் கோடு இருக்கிறது, பத்திரத்தில் இல்லை. கடைசியில் மலைத் தண்ணீர் யாரோ ஒருவருடைய சமையலறை வழியாக ஏரிக்குப் போகிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று ரோட்டின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு அங்குலம் ஏறும். இருபது வருடத்தில் வாசற்படி மூன்றாவது தெருவுக்குக் கீழே போய்விடும். தமிழ்நாட்டில் இப்படிப் பள்ளத்துக்குள் போன வீடுகள் இல்லாத ஊரே இல்லை. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேலே ரோடு ஏறக்கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். அந்தக் கடிதம் வந்தபோது மனதுக்குள் கைதட்டினேன். மலையடிவாரத்தில் இது வெறும் வாசற்படிப் பிரச்சினை மட்டுமல்ல. கிழக்கு மேற்காக ஓடும் ரோடு ஓர் அடி உயர்ந்தால், வடக்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அது அணைக்கட்டு. மலைப்பக்கம் இருப்பவர் வீட்டில் தண்ணீர் தேங்கும், அது நிரம்பி ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு தெற்கே பாயும்.

வழி மறிக்கப்பட்ட தண்ணீரும் சரிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் 2024 டிசம்பர் 1-ஆம் தேதி மாலை பார்த்துவிட்டது. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும், நமக்கு மேற்கே ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. மலையின் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதை எழுதும்போது இன்றும் கை நின்றுவிடுகிறது.

சரிவு எப்படி இறங்குகிறது என்பதைப் பொதுவாகச் சொல்கிறேன், ஒவ்வொரு மலையடிவாரக் குடியிருப்புக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பாறைமேல் இருக்கும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மண் துகள்களுக்கு இடையே உள்ள உராய்வும் செடிகளின் வேரும். தொடர்ந்து மழை பெய்யும்போது தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையில் முட்டி நிற்கும். மண்ணின் எடை கூடும், அதே நேரம் துகள்களுக்கு இடையில் தண்ணீர் அழுத்தம் ஏறி உராய்வு குறையும். சுமை கூடுகிறது, பிடிப்பு தளர்கிறது. இதற்குமேல் வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடிப்பாகத்தை வெட்டிச் சமமாக்கியிருந்தால், மேலே இருப்பதைத் தாங்கிய முட்டு போய்விட்டது என்று பொருள். குளியலறைத் தண்ணீரும் செப்டிக் டேங்க் கழிவும் ஆண்டு முழுக்க அதே மண்ணில் ஊறினால், மழைக்கு முன்பே பாதி நனைந்த மண்தான் அங்கே இருக்கிறது. வீட்டுச் சுவரில் சாய்வான புது விரிசல், நேராக நின்ற கம்பமோ மரமோ கீழ்ப்பக்கம் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது, இவையெல்லாம் கிளம்பச் சொல்லும் அறிகுறிகள். மழை நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மண் சரிந்த அந்த 2024-ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ல் வந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வல்லுநர்களும் புவியியல் ஆய்வுத் துறையினரும் மலையைப் பார்த்தார்கள், பக்தர்களுக்கு மலையேற அனுமதி கொடுக்கவில்லை. மனதுக்குக் கஷ்டமான முடிவு, ஆனால் சரியான முடிவு.

வேர் என்று சொன்னேனே, அதையும் முடித்துவிடுகிறேன். நாற்பது வருடங்களுக்கு முன் இந்த மலை பெரும்பாலும் மொட்டையாகக் கிடந்தது. விறகு வெட்டு, மேய்ச்சல், கோடையில் புல் பற்றி எரியும் தீ. 1980-களின் இறுதியில் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டியும், பின்னாளில் தி ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும், வனத்துறையும், ஊர் இளைஞர்களும் கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடு போட்டு, தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைத்து இந்தப் பச்சையைக் கொண்டுவந்தார்கள். அதைச் சூழல் சேவை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் அதை என் கணக்குப் புத்தகத்தில் எழுதுவேன். மேலே போட்ட கணக்கில் பாதித் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்தோம். மொட்டைச் சரிவாக இருந்தால் முக்கால் பங்கு ஓடும், வெள்ளம் ஆறு கன மீட்டரைத் தாண்டும். காடு நின்றால் நாலு, அல்லது அதற்கும் கீழே. கல்வெர்ட்டின் அளவைத் தீர்மானிப்பதில் மலைமேல் நிற்கும் மரத்துக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது.

இப்போது ரோட்டு அகலத்துக்கு வருவோம்.

நடக்கிற கூட்டத்துக்கும் வெள்ளத்துக்குப் போடுவது போலவே கணக்குப் போடலாம். ஜான் ஃப்ரூயின் என்கிற அமெரிக்கப் பொறியாளர் 1971-ல் இதை முறைப்படுத்தி எழுதினார். ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நிமிடத்துக்கு முப்பது, நாற்பது பேர் இடிபடாமல் நடக்கலாம். எண்பதை நெருங்கினால் தோளோடு தோள் உரசும், அதற்கு மேல் நெருக்கினால் வேகம் விழுந்து, கடப்பவர் எண்ணிக்கை கூடுவதற்குப் பதில் குறையும். கடை, தள்ளுவண்டி, நிற்கும் பைக் எல்லாம் போக ஏழு மீட்டர் தேறுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு நாற்பது வீதம் ஒரு மணி நேரத்தில் 16,800 பேர், இருபத்து நாலு மணி நேரத்தில் நான்கு லட்சம். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு லட்சம். மகா தீபத்துக்கு 25 லட்சம், 30 லட்சம் என்று அதிகாரிகளே சொல்கிறார்கள். இரண்டு மடங்கல்ல, மூன்று மடங்காக்கினாலும் பற்றாது. ரோடு அகலமான மறுவருடமே கடையும் வண்டியும் அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

நெரிசல் எங்கே வருகிறது என்று பாருங்கள். நீளமாகப் போகும் பாதையில் பெரும்பாலும் வராது. மக்கள் நிற்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் வரும். கல்யாண மண்டபத்தில் பந்திக் கூடத்தை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும், நுழைகிற வாசல் ஒன்றாக இருந்தால் தள்ளுமுள்ளு வாசலில்தான் நடக்கும், அதே கதை. எம லிங்கத்தில் கும்பிட நிற்கும் வரிசை ரோட்டுக்குள் நீளுகிறது. அன்னதானப் பந்தலில் தட்டை நீட்டுகிறவர்கள் பாதிப் பாதையை மறிக்கிறார்கள். செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பும் முனையில் வண்டியும் மனிதரும் முட்டுகிறார்கள். பணத்தை இந்த இடங்களில் செலவழிக்க வேண்டும். லிங்கத்துக்குப் பக்கவாட்டில் வரிசைக்கென்று உள்ளே தள்ளிய இடம், அன்னதானத்துக்குப் பாதையிலிருந்து பத்து மீட்டர் உள்வாங்கிய திடல், திருப்பத்தில் வண்டிக்கும் காலுக்கும் தனித்தனி வழி. கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரையும் அகலப்படுத்தும் செலவில் சிறு பகுதிதான் ஆகும்.

இந்தப் பாதைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். மலை வலது கைப்பக்கம் இருக்க, பிரதட்சிணமாக, யாரும் எதிரே வருவதில்லை. கூட்ட நிர்வாகத்தில் இதைவிடப் பெரிய வரம் கிடையாது. சியோல் நகரின் இடேவோனில் 2022 அக்டோபர் 29 இரவு 159 பேரைப் பலிகொண்ட நெரிசல் நடந்த சந்து, மூன்றேகால் மீட்டர்கூட அகலமில்லாத சரிவு. மேலிருந்து இறங்குகிறவர்களும் கீழிருந்து ஏறுகிறவர்களும் அங்கே மோதிக்கொண்டார்கள். மெக்கா அருகே மினாவில் 2006 ஜனவரியில் ஜமராத் பாலத்தில் நெரிசலில் முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபின், பழைய பாலத்தையே இடித்துவிட்டுப் பல அடுக்குகளில் புதுப் பாலம் கட்டினார்கள். அதன் உயிர்நாடி ஒருவழி ஓட்டம்தான், வந்த வழியில் யாரும் திரும்பக்கூடாது. கோடிக்கணக்கில் செலவழித்து அங்கே உண்டாக்கியதை இங்கே மரபு சும்மா கொடுத்திருக்கிறது. அதைக் கெடுக்கிறவை எதிர்த்திசையில் நுழையும் பைக்கும் ஆட்டோவும்தான். பௌர்ணமி இரவில் அவற்றைப் பாதைக்குள் விடாமல் இருப்பதற்குப் பத்து மீட்டர் அகலப்படுத்தியதன் பலன் உண்டு.

மரபு இன்னொன்றும் சொல்கிறது. சுற்றுகிறவர்கள் சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும், மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்களும் தேவர்களும் நடப்பதற்கு. பக்தியோடு கேட்டுக்கொள்கிற இந்தப் பேச்சை நான் இன்ஜினீயராகவும் கேட்கிறேன். மலையை ஒட்டிய ஓரம்தான் ஓடைகள் ரோட்டைத் தொடும் இடம், குளங்களின் வரத்து வாய், பெரிய மரங்கள் நிற்கும் வரிசை. அந்த ஓரத்தில் மனிதன் எதையும் வைக்காமல் இருந்தால் தண்ணீருக்கும் மரத்துக்கும் இடம் கிடைக்கும். அகலப்படுத்தும் திட்டங்கள் முதலில் கைவைப்பது அந்த ஓரத்தில்தான். கிரிவலப் பாதையில் அப்படி வேலை தொடங்கி மரங்கள் விழுந்தபோது, 2016-ல் விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுவரை போயிற்று. அதே தீர்ப்பாயம் 2013-ல் டெல்லி வழக்கு ஒன்றில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று உத்தரவிட்டது. அடிமரத்தின் பட்டையைத் தொட்டுக்கொண்டு சிமெண்ட் பூசிய நடைபாதையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உத்தரவு நினைவுக்கு வரும். வேருக்குத் தண்ணீர் போகாது, காற்றும் போகாது. பத்து வருடத்தில் மரம் நடைபாதையைத் தூக்கும், அல்லது புயலில் சாயும்.

கடைசியாகக் கால். இந்தப் பாதையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். நாட்டிலுள்ள நடைபாதை விதிகள் எல்லாம் செருப்புப் போட்ட காலுக்கு எழுதியவை. வெறுங்காலுக்கு இரண்டு விரோதிகள், சூடும் மட்டமின்மையும். மே மாத மதியத்தில் தார் ரோட்டின் மேற்பரப்பு அறுபது டிகிரியைத் தொடும். கால் பொசுங்க அது போதும். இரவில் சுற்றுவதன் நியாயம் அதிலேயே இருக்கிறது. ஆனால் தார் மாலையானாலும் சூட்டை விடாது. வெளிர் நிறக் கல்லும், வெள்ளைப் பூச்சுப் போட்ட கீற்றும், எல்லாவற்றையும்விட மரநிழலும் அதைக் குறைக்கும்.

பேவர் பிளாக் நடைபாதையை ஒருநாள் குனிந்து பாருங்கள். நடப்பதற்கு மட்டும் என்றால் 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும், வண்டி ஏறும் என்றால் 80 வேண்டும். அடியில் நன்றாக இறுக்கிய ஜல்லி, அதன்மேல் ஓர் அங்குலம் கனத்துக்குச் சீரான மணல், இரண்டு ஓரத்திலும் கல் நகராமல் பிடிக்கும் கான்கிரீட் விளிம்பு, இடுக்குகளில் மெல்லிய மணல். இதில் ஒன்று குறைந்தாலும் முதல் மழையில் தெரிந்துவிடும். தண்ணீர் இடுக்கில் இறங்கி அடியிலுள்ள தூளை அரித்து ஓரத்தில் தள்ளும். ஒரு கல் அமுங்கும், பக்கத்துக் கல்லின் விளிம்பு ஒரு சுண்டுவிரல் அளவு துருத்தும். பைக் சக்கரத்துக்கு அது தெரியவே தெரியாது. இரவு இரண்டு மணிக்குப் பத்து கிலோமீட்டர் நடந்து வந்த அறுபது வயது அம்மாவின் கட்டைவிரல் அதில் இடித்து நகம் பெயரும். நடைபாதையின் தரத்தைச் சோதிக்க அதிகாரிகள் ஒரு கிலோமீட்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் போதும். விளிம்புக் கல்லின் உயரமும் அப்படியே. ஆறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, ஏறி இறங்கும் இடங்களில் படியில்லாமல் சாய்தளமாக ரோட்டோடு சேர வேண்டும். கூட்ட நாளில் எல்லோரும் ரோட்டிலும் நடைபாதையிலுமாக மாறி மாறி நடப்பார்கள், இருட்டில் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

2024 ஆகஸ்டில் நகராட்சி மாநகராட்சியானது. நிதி கூடும், திட்டங்கள் வரும். வரட்டும், வேண்டியதுதான். வேலைகளின் வரிசையைப் பற்றித்தான் என் பிடிவாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும். கார்த்திகை தீபம் அந்த மழைக்கு நடுவில், நவம்பர் பிற்பாதியிலோ டிசம்பரிலோ வரும். ஆண்டின் பெரிய தண்ணீரும் பெரிய கூட்டமும் ஒரே மாதத்தில் இதே ரோட்டுக்கு வருகின்றன. அதனால் வேலை கோடையில் தொடங்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் காய்ந்து கிடக்கும்போது மலையடியிலிருந்து சமுத்திரம் ஏரிவரை லெவல் எடுத்து, கிராம வரைபடத்தில் உள்ள வாய்க்கால் கோடுகளைத் தரையில் குறித்து, கல் நட வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை கல்வெர்ட் வேலையும் வாய்க்கால் வேலையும். செப்டம்பரில் குளங்களின் வரத்து வாயும் வண்டல் தொட்டிகளும் தூர்வாரி முடிய வேண்டும். ரோட்டுக்குத் தார் போடுவது இவற்றுக்கெல்லாம் பிறகு, பழையதைச் சுரண்டிவிட்டு, அதே மட்டத்தில். தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவசர அவசரமாகப் பூசும் தார், மலையிலிருந்து வரும் முதல் வெள்ளத்தில் ஜல்லியாகி ரமண நகர்ச் சாக்கடைக்குள் போய்ச் சேரும், அடுத்த வருட அடைப்புக்கு.

உங்கள் தெருவில் அளவெடுக்க ஆட்கள் வந்தால், ரோடு எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன், வடிகால் எந்த ஏரியில் போய் முடிகிறது, வழியில் எத்தனை இடத்தில் குறுகுகிறது, அதன் லெவல் வரைபடம் எங்கே என்று கேளுங்கள். கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை.